எவருடைய தூண்டுதலும் இன்றி

உக்காருங்க. அந்தப் பக்கம் பெஞ்சு ஆடும், இப்படி வாங்க. உங்க நம்பர் என்னங்க? நாப்பத்தெட்டா? அப்ப மத்தியானம் சாப்பாட்டுக்குப் பொறவுதான் கூப்புடுவாங்க. எங்களுது முப்பத்தொம்பது. என்ன கேசுங்க உங்களுது? கிரைண்டரா. மோட்டார் போயிருச்சா. சரிதான். நீங்க கிரைண்டருக்கு வந்திருக்கீங்க, நான் வானத்துக்கு வந்திருக்கேனுங்க.

சிரிங்க, பரவால்ல. வக்கீலும் மொத நாள் சிரிச்சாரு. பொறவு சிரிக்கல. நார்வேன்னு ஒரு நாடு இருக்குதுங்க, ஒலகத்தோட உச்சாணியில. மார்கழி மாசம் அங்க சூரியனே உதிக்காது. அந்த இருட்டுல வானத்துல பச்சையா ஒரு வெளிச்சம் வரும், டிவியில பாத்திருப்பீங்க. அதப் பாக்க என்ற சம்சாரத்தக் கூட்டிக்கிட்டுப் போனேன். போறப்ப பத்து விரலோட போனா. இப்ப ஏழு இருக்குது. வலது கால்ல கட்டை விரலும் அதுக்கு அடுத்ததும், இடது கால்ல மெட்டி போடற விரலும் இல்ல. கூட்டிக்கிட்டுப் போன டூர் கம்பெனிக்காரன் மேல கேஸ் போட்டிருக்கறோம். பணத்துக்குன்னு நெனைக்காதீங்க. தப்பு அவன் பேர்லன்னு ஒரு காயிதத்துல எழுத்துல வரோணும். அது போதும் எனக்கு.

எழுத்துன்னா எனக்கு அப்படிங்க. என்ற பேரு சென்னியப்பன். எங்க ஊர்ல ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதுத்தாப்ல முப்பத்துநாலு வருசம் பத்திரம் எழுதினேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில், எது வேணும் சொல்லுங்க. நான் எழுதின பத்திரம் ஒண்ணு கூட குத்தம்னு திரும்பி வந்ததில்ல. அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டுச் செத்திருக்கானுங்க, என்ற பத்திரத்துல ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியல. ரிஜிஸ்தரே சொல்லுவாரு, சென்னியப்பன் எழுத்தா, படிக்க வேண்டாம், முத்திரையக் குத்துன்னு.

இதா, இதுதான் பிரமாணப் பத்திரம். அவ சொல்றாப்ல நான் எழுதினது, நாலு பக்கம். வக்கீல் நான் எழுதறேன்னுதான் சொன்னாரு. விடுவனா? அவ வந்து கையெழுத்துப் போட்டதும் வக்கீல் உள்ள கொண்டுபோயித் தாக்கல் பண்ணுவாரு. அவ படியேறி வந்துக்கிட்டிருக்கறா. லிஃப்ட் இன்னைக்குன்னு பாத்து ஓடல. புடிச்சுக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், நீங்க முன்னால போங்கன்னுட்டா. ஒரு படிக்கு ஒரு தடவை நின்னுதான் வருவா. கட்டை விரல் இல்லாட்டி காலு தரையில நிக்காதுன்னு எனக்கு அதுக்கு முன்னால தெரியாதுங்க. மனுசன் நடக்கறது அந்த ஒத்தை விரல்லதான் போல.

அவ பேரு துளசிமணி. நாக்கத் திறந்து எனக்கு இது வேணும்னு ஒரு நாள் கேட்டவ இல்ல. கண்ணாலம் ஆன புதுசுல எட்டு வருசம் என்ற மேசைக்குப் பக்கத்துல உக்காந்து நகல் எழுதிக் குடுத்தா. முத்து முத்தான எழுத்து. ஊரான் பத்திரத்தையெல்லாம் வரி வரியாப் படிப்பா, ஆனா நான் நீட்டற காயிதத்த மட்டும் படிக்க மாட்டா. எங்கன்னு கேப்பா, விரல வெச்சுக் காட்டுவேன், போடுவா. எங்க ஊட்டுப் பத்திரம், பேங்க் பாரம், எல்லாம் அப்படித்தான். அவ்வளவு நம்பிக்கை.

மூணு வருசத்துக்கு முன்னால எனக்கு நெஞ்சுல அடைப்புங்க. ஸ்டென்ட்டு வெச்சாங்க. ஆஸ்பத்திரியில கண்ண முழிச்சுப் பாத்தா, அவ என்ற மொகத்தப் பாக்கல, செவுத்துல இருந்த டிவியப் பாத்துக்கிட்டிருக்கறா. அதுல இந்தப் பச்சை வெளிச்சம் ஓடுது. நான் இருமினதும் திரும்பி, இது நெசமாலுமே இருக்குதுங்களான்னு கேட்டா. இருக்கும் போலன்னேன். ஒருவாட்டி பாக்கோணும்னு இருக்குதுங்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுக்குப் பொறவு அதப் பத்தி வாயே திறக்கல. நான்தான் மனசுல வெச்சிருந்து, ரெண்டு வருசம் விசாரிச்சு, கூட்டிக்கிட்டுப் போனேன். எந்தப் புருசன் செய்வானுங்க? நீங்க சொல்லுங்க.

பெரிய கும்பலாப் போறதில்ல. பன்னெண்டே பேரு, எல்லாம் தமிழாளுக. தமிழ் பேசற ஒரு மேனேஜர் கூடவே வருவான். போற எடத்துல ரசஞ்சோறு கெடைக்கும்னாங்க, கெடைச்சுது, அதுல பொய்யில்ல. மேனேஜர் பேரு இளங்குமரன், கரூர்க்காரன், முப்பது வயசிருக்கும். அம்மா அம்மான்னு துளசிமணி மேல ரொம்ப அக்கறையாட்டம் இருப்பான். போறதுக்கு முன்னால ஒரு பாரம் குடுத்தாங்க, என்னென்ன வியாதி இருக்குதுன்னு எழுதோணும். எனக்கு நெஞ்சுன்னு எழுதினேன், டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வெச்சேன். அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதினேன். சக்கரையா? இருக்குதுங்க, பதினாலு வருசமா. சக்கரை இல்லாத ஊடு ஒண்ணு காட்டுங்க பாக்கலாம். அதையெல்லாம் எழுதினா, அந்தக் கடுதாசி கொண்டா, இந்தக் கடுதாசி கொண்டான்னு இழுத்தடிப்பான். பாதம் எரியுது, மரத்துப் போவுதுன்னு அப்பப்ப சொல்லுவா. தைலம் தேய்ச்சா சரியாயிரும்.

கேஸு என்னன்னா, அந்தக் குளிருக்குள்ள போறதுக்கு முன்னால கால்ல இருக்கற மெட்டியக் கழட்டோணும்னு எங்களுக்கு யாரும் சொல்லலீங்க. வெள்ளி குளுந்து போகுமாம், விரல் வீங்குமாம், மெட்டி இறுக்கிக்கிட்டா ரத்தம் ஓடாதாம். இதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போன பொறவுதான் தெரியுது. முன்னாலயே சொல்லியிருக்கோணுமா இல்லீங்களா? அதுதான் கேஸு.

சொன்னாங்கதான். சொல்லவே இல்லைன்னு சொல்ல வரல. பொதுவாச் சொன்னாங்க. பனி பூட்ஸும் கோட்டும் குடுக்கற ஒரு கொட்டாயி மாதிரி எடம், எல்லாரும் வரிசையா பெஞ்சுல உக்காந்திருக்கறோம். சீக்ரிட்னு அந்த ஊர்க்காரப் புள்ள, ஆறடி ஒசரம், அதுதான் வழிகாட்டி. மோதிரம், வளையல், இரும்பு, வெள்ளி எல்லாத்தையும் கழட்டச் சொல்லி இங்கிலீஸ்ல சொல்லுச்சு. எனக்கு இங்கிலீசு அவ்வளவு ஓடாது. அப்பறம் இளங்குமரன் தமிழ்லயும் சொன்னான். அம்மா, மெட்டிய முக்கியமாக் கழட்டிருங்கம்மான்னான். பன்னெண்டு பேர்த்துக்கும் சேர்த்துச் சொன்னா அது எங்களுக்குச் சொன்னதா ஆகுமா? தனியா வந்து சொல்லோணும்.

எங்க கூட சேலத்துலருந்து அமுதவல்லின்னு ஒரு டீச்சரம்மா, புருசனோட வந்திருந்தாங்க. அந்தம்மா டக்குனு குனிஞ்சு ரெண்டு மெட்டியையும் சோப்புப் போட்டு உருவி மணிபர்சுல போட்டுருச்சு. அந்தாளு பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு, பயப்படாத, நான் அவ்வளவு லேசுல போயிர மாட்டேன்னு சொல்லிச் சிரிக்கறான். எப்படித்தான் சிரிக்க வருதோ. என்ற பக்கத்து மேசையில சின்னுசாமின்னு ஒருத்தன் பத்திரம் எழுதினான். அவன் சம்சாரத்துக்குக் கால்ல புண்ணுன்னு டாக்டர் மெட்டியக் கழட்டச் சொன்னாரு. கழட்டினா. எண்ணிப் பதினோராம் நாள், பேனாவுல மை போடறப்ப அப்படியே மேசை மேல சாஞ்சான். என்ற கண்ணு முன்னாலங்க. மை என்ற வேட்டியில எல்லாம் தெறிச்சுது. அத நான் துவைக்கக் கூட இல்ல, எரிச்சுப்போட்டேன்.

இது பொம்பளைக நம்பிக்கைங்க. சுமங்கலி சமாச்சாரம். அவளுக்குத்தான் அதுல பிடிப்பு. நான் ஒரு வார்த்தை சொல்லல. அவ குனிஞ்சா. வலது கால்ல கைய வெச்சா. வெச்சுக்கிட்டு என்னைப் பாத்தா. நானும் பாத்தேன். அவ்வளவுதான் நடந்துது. நிமிந்துக்கிட்டா. பாத்ததுக்கெல்லாம் சட்டத்துல குத்தம் உண்டுங்களா?

அந்த இளங்குமரன் சும்மா இருந்திருக்கோணும். இருந்தானா? பக்கத்துல வந்தான், அம்மா நீங்க இன்னும் கழட்டலையேன்னான். நான் அதெல்லாம் கழட்டறதில்லப்பான்னேன். அவன் என்ன செஞ்சான் தெரியுங்களா? ஒரு கிண்ணத்துல சுடுதண்ணியும் சோப்பும் கொண்டாந்து, எல்லாரும் பாக்க, அவ காலடியில மண்டி போட்டு உக்காந்தான். அம்மா, எனக்கு உங்கள மாதிரி அம்மா இருக்காங்க, நானே கழட்டி விடறேன்னு சொல்லிக் காலப் புடிக்கறான். எங்க இருந்துங்க வருது அந்தத் தைரியம்? நான் உசுரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறேன். என்ற பொண்டாட்டி காலப் புடிச்சு மெட்டிய எவனோ உருவறதா? கிண்ணத்தக் காலால எட்டித் தள்ளிப்போட்டேன். தண்ணியெல்லாம் அந்தப் பலகைத் தரையில ஓடுச்சு. வாய்க்கு வந்ததச் சொன்னேன், அத இங்க சொல்ல வேண்டாம்.

அவன் கோவப்படல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சு, சார், இப்படியே கூட்டிக்கிட்டுப் போக சீக்ரிட் ஒத்துக்காது, அம்மா வேணும்னா ரூம்ல இருக்கட்டும், இல்லாட்டி எங்க பொறுப்பில்லைன்னு எழுதிக் குடுங்கன்னான். எழுதிக் குடுக்கறதா? ஆருகிட்டச் சொல்றான்? கொண்டாடா காயிதத்தன்னேன். அன்னைக்கு எங்கெங்க போறோம்னு அடிச்ச தாளு ஒண்ணு இருந்துது. அதத் திருப்பிப் போட்டு, முட்டிக்கால் மேல வெச்சே எழுதினேன்.

எட்டே வரி. எனக்கு இப்பவும் மனப்பாடம். "மேற்படி வெள்ளி மெட்டிகளைக் கழற்றும்படி எங்களுக்குத் தெளிவாக அறிவுறுத்தப்பட்டும், அதனால் விளையக்கூடிய தீங்கினை நன்கு உணர்ந்தும், எங்கள் சுயவிருப்பத்தின் பேரில், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, பூரண சம்மதத்துடன் அணிந்து செல்கிறோம். பின்னிட்டு யாதொரு வில்லங்கமும் செய்யமாட்டோம்." தேதி, எடம், நேரம். கீழ ரெண்டு சாட்சி, டீச்சரம்மாவும் அந்தாளும். அவகிட்ட நீட்டினேன். எங்கங்னா. விரல வெச்சுக் காட்டினேன். போட்டா. அவசரத்துல எழுதினது, ஆனா ஒரு அடித்தல் இல்ல, ஒரு திருத்தல் இல்ல.

அதுதான் இப்ப எதிராளி தாக்கல் பண்ணியிருக்கறானுங்க. மொத சாட்சி ஆவணம். எங்க வக்கீல் அதப் படிச்சுப்போட்டுத் தலையில கைய வெச்சுக்கிட்டு, ஏன் சார் இவ்வளவு நல்லா எழுதினீங்கன்னாரு. நான் என்னத்தச் சொல்றது? நல்லாத்தான் எழுத வரும்.

அப்பறம் போனோம். சாயங்காலம் நாலு மணிக்கே அங்க கும்மிருட்டு. சின்ன பஸ்ல ரெண்டு மணி நேரம். ஆறு மணிக்கு ஒரு பனிக்காட்டுல எறக்கி விட்டாங்க. இருபத்திரண்டு டிகிரிங்க, பூச்சியத்துக்குக் கீழ. மூச்சு விட்டா மீசையில ஐஸ் நிக்குது. அவளுக்கு மூணு ஜோடி சாக்ஸ் மாட்டி பூட்ஸுக்குள்ள காலத் திணிச்சு விட்டது நான்தான். பெரிய சைஸ் பூட்ஸ் எடுங்கன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு, அது தொளதொளன்னு இருந்துது, வேண்டாம்னுட்டேன். தீ மூட்டிச் சுத்தி உக்கார வெச்சாங்க. வானத்துல ஒண்ணும் இல்ல. ஒரு மணி நேரம் ஆச்சு. அந்தப் புள்ள அரைமணிக்கு ஒருக்கா ஒவ்வொருத்தராப் போயி, விரல ஆட்ட முடியுதா, முடியுதான்னு கேக்குது. எங்ககிட்ட வந்துது. நான் ஃபைன், ஃபைன்னேன். அவளக் காட்டிக் கேட்டுது. ஷீ ஃபைன்னேன். அதுக்குள்ள மறுபடி மெட்டிப் பேச்ச எடுத்துருவாங்களோன்னு இருந்துது.

அவ கொஞ்ச நேரங்கழிச்சு, ஏனுங், காலு இருக்கறதே தெரியலீங், பஸ்ல போயி உக்காரட்டுமான்னா. வலிக்குதான்னு கேட்டேன். இல்லீங்னா. வலி இல்லைன்னா என்ன பயம்? பல்லக் கடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் இரு, அத்தனை தூரம் வந்துபோட்டு பஸ்ஸுக்குள்ள உக்காந்தா எப்படின்னேன். சொல்லி வாயை மூடல, வந்துருச்சுங்க.

ஆருகிட்டயும் சொல்லாதீங்க, நெசத்துல அது பச்சையே இல்ல. கண்ணுல பாத்தா வெளுத்த சாம்பலாட்டம், அடுப்புப் புகை கூரைக்கு மேல நிக்குமே அப்படித்தான் தெரியுது. போன்லதான் பச்சை. எல்லாரும் போன்லயே பாக்கறாங்க. நானும். போட்டோ எடுக்க ஆளு அசையாம நிக்கோணும், அப்பத்தான் வெளிச்சம் பதியும்னு சொல்லிக் குடுத்தாங்க. அவளக் கொண்டுபோயி பனியில நிறுத்தினேன். ஆடாதன்னேன். ஆடிப்போட்டா. மறுபடி. கை ஆடிப்போச்சு, மறுபடி. ஒரு பதினஞ்சு எடுத்திருப்பேன். கடைசியிலதான் ஒண்ணு தெளிவா வந்துது. இருங்க, காட்டறேன். பாருங்க. சிரிக்கறா பாருங்க. வேதனையில இருக்கற பொம்பளை இப்படியா சிரிப்பா? வக்கீல்கிட்ட இதையும் குடுங்கன்னேன். வேண்டாம் சார், இத வெளியவே காட்டாதீங்கன்னுட்டாரு.

ரூமுக்கு வந்து பூட்ஸக் கழட்டினா, விரலு மெழுகாட்டம் வெள்ளையா இருக்குது. கிள்ளினேன், தெரியலைன்னா. தூங்கி எந்திரிச்சாச் சரியாயிரும்னு சொன்னேன். காலையில பாத்தா நாவப்பழக் கலரு. இளங்குமரன்தான் தூக்கிக்கிட்டு ஓடினான். தூக்கினான், நான் ஒண்ணும் சொல்லல. அந்த ஆஸ்பத்திரியில மொத வேலையா ஒரு குறடு மாதிரி கொண்டாந்து மெட்டிய வெட்டறதுக்கு வந்தாங்க. சதை மேல ஏறி மெட்டியே தெரியல. நான் என்ன பண்ணினேன்னா, என்ற கையில இருந்த கோயில் கயித்த அவுத்து, அவ கணுக்கால்ல கட்டினேன். ஏதோ ஒண்ணு இருக்கோணுமில்லீங்க. அந்த நர்சம்மா என்னைப் பாத்துது, வீங்கற கால்ல கட்டக் கூடாதுன்னு அதையும் சேத்து வெட்டிப்போட்டுது. வெட்டற சத்தம் கேட்டப்ப நான் கண்ண மூடிக்கிட்டு நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டேன். ஒண்ணு. அப்பறம் ரெண்டு. கண்ணத் திறந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலீங்க.

ஒண்ணும் ஆகல. பதினோரு நாள் எண்ணினேன். பன்னெண்டாம் நாள் இட்லி சாப்பிட்டேன், ரெண்டு சேர்த்தே சாப்பிட்டேன். ஊருக்கு வந்து ஆறு வாரங்கழிச்சு இங்க ஆஸ்பத்திரியில விரல எடுத்தாங்க. அப்பவும் எனக்கு ஒண்ணும் ஆகல. டாக்டர் போன மாசம் பாத்துட்டு, உங்களுக்கு ஹார்ட்டு கல்லாட்டம் இருக்குதுன்னாரு. கல்லாட்டம்னு அவரு நல்ல அர்த்தத்துலதான் சொன்னாரு.

இதா பாருங்க, அந்த மெட்டி. ஆஸ்பத்திரியில இந்தக் கவர்ல போட்டுக் குடுத்தாங்க. சட்டைப் பையிலதான் வெச்சிருக்கறேன், குளிக்கறப்பத்தான் எடுத்து வெப்பேன். ரெண்டுலயும் வெட்டின எடம் வாயப் பொளந்துக்கிட்டு இருக்குது. ஆசாரிகிட்டக் குடுத்துப் பத்த வெச்சு, மூணாவது விரல்லயாவது போட்டுக்கன்னு அவகிட்டச் சொன்னேன். அவ என்ற மொகத்தப் பாத்துக்கிட்டே இருந்தா. இப்பெல்லாம் பேச்சுக் கொறைஞ்சு போச்சு. சோறு போடறா, மாத்திரை எடுத்து வெக்கறா, எல்லாம் செய்யறா. கோவம்னு சொல்ல முடியாது.

சத்தம் கேக்குதுங்களா? குச்சிச் சத்தம். வந்துட்டா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அவ உக்காரட்டும். வா அம்மிணி. இவரு கிரைண்டர் கேசுக்கு வந்திருக்கறாரு. தண்ணி வேணுமா? சரி. இந்தா, இதுல கடைசிப் பக்கத்துல ஒண்ணு, பக்கத்துக்குப் பக்கம் கீழ ஒண்ணு. இங்க.

என்ன? கண்ணாடியா? கண்ணாடி எதுக்கு? நான்தான் எல்லாம் பாத்துட்டேனே. வக்கீல் இப்ப வந்துருவாரு. சரி, சரி. என்றதையே எடுத்துக்க.

படிக்கறா. முப்பத்தெட்டு வருசத்துல இதுதான் மொதல் தடவை. படிக்கட்டும், அதுலென்ன இருக்குது. சட்டப்படி படிச்சுப் பாத்துத்தான் போடோணும். மொதப் பக்கம் ஊரு, பேரு, வயசு. ரெண்டாம் பக்கம் டூர் கம்பெனிக்காரன் குடுத்த வாக்குறுதி. மூணாம் பக்கம்தான் முக்கியம். பதினோராவது பாரா. வக்கீல் சொன்ன ரோசனை அது. எச்சரிக்கை சரியாப் புரியும்படி சொல்லல, மெட்டியக் கழட்டாதது என்னோட சொந்த நம்பிக்கை, என் கணவர் எந்த விதத்திலும் தடுக்கலைன்னு போட்டிருக்கறேன். தடுக்கல இல்லீங்க. பாத்தேன், அவ்வளவுதானே.

பேனா கேக்கறா. இதா. கடைசிப் பக்கத்துக்குப் போ அம்மிணி. அங்க என்னத்த எழுதற? அது என்ன கோடு? இரு, இரு, அதுல கை வெக்கக் கூடாது, டைப் அடிச்சதுல கோடு போட்டா...

பதினோராவது பாராவ அடிச்சுப்போட்டாளுங்க. ஸ்கேல் வெச்சாப்ல நேரா, தலைமாட்டுலருந்து கால்மாட்டு வரைக்கும். பக்கத்துல இருக்கற எடத்துல எழுதறா. அவசரமே இல்லாம எழுதறா. அதே முத்து எழுத்துங்க, எட்டு வருசம் நகல் எடுத்த எழுத்து. எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியல. நீங்க படிங்க. சத்தமாவே படிங்க, பரவால்ல.

"கழற்றுவதற்கு நான் குனிந்தேன். என் கணவருக்குச் சாவென்றால் பயம். அதனால் நிமிர்ந்துகொண்டேன்."

அவ்வளவுதானா? வேற ஒண்ணும் எழுதலீங்களா? அந்தப் பதினஞ்சு போட்டோவப் பத்தி, பூட்ஸப் பத்தி, சக்கரைய எழுதாம விட்டதப் பத்தி? இல்லையா. மூணே வரி.

முப்பத்தொம்பதுன்னு கூப்புடறாங்க. வக்கீலும் அதா வர்றாரு. கையெழுத்தெல்லாம் போட்டுட்டியா? எந்திரி அம்மிணி. மெதுவா. இந்தா, உள்ள போறப்ப இதக் கையிலயாவது வெச்சுக்க. கவரோடயே வெச்சுக்க, ஆரும் பாக்க மாட்டாங்க.

"அது உங்களுக்குத்தான் வேணும். நீங்களே வெச்சுக்குங்."

கேட்டீங்களா? கோவமில்லாமத்தான் சொன்னா. போறா பாருங்க. குச்சிய ஊனிக்கிட்டு, பத்திரத்தக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, வக்கீலுக்கு முன்னால போறா. நானும் உள்ள போலாம், போக வேண்டாம்னு ஆரும் சொல்லல. இருக்கட்டும்.

ஒண்ணு கவனிச்சீங்களா? அடிச்ச எடத்துலயும் எழுதின எடத்துலயும் ஓரத்துல சின்னதா கையெழுத்துப் போட்டிருக்கறா. அடித்தல் திருத்தலுக்கு அப்படித்தான் போடோணும், இல்லாட்டி செல்லாது. நான் சொல்லிக் குடுத்ததில்ல, பாத்தே கத்துக்கிட்டா. அந்தப் பத்திரத்துல இனி ஆரும் ஒரு குத்தமும் சொல்ல முடியாதுங்க.

உங்களுக்கு நாப்பத்தெட்டுதானுங்களே? இன்னும் நேரம் கெடக்குது. டீக்கு எந்திரிச்சுப் போயிராதீங்க. எனக்கு நெஞ்சுல என்னமோ பண்ணுது, ஒண்ணும் இருக்காது. சித்த எங்கூட உக்காந்திருங்க.